பூமி ஒரு காந்தம் என்பதால்தான் மாங்காய் விழுகிறதா?

மாங்காய் ஏன் கீழே விழுகிறது என்று ஒரு சிறுவன் கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, "புவியீர்ப்பு விசையால்". இது பரீட்சையில் மதிப்பெண் வாங்கித் தரும் பதில். இன்னொன்று, "பூமிக்குள்ளே பெரிய காந்தம் இருக்கிறது, அது இழுக்கிறது". இது வீட்டிலும் டீக்கடையிலும், சில சமயம் வகுப்பறையிலும் கூடக் கிடைக்கும் பதில்.

இரண்டாவது பதில் தவறு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் பதில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஏன் விழுகிறது? பூமி ஈர்ப்பதால். ஏன் ஈர்க்கிறது? ஈர்ப்பு விசை இருப்பதால். சுற்றிச் சுற்றிக் கேள்வி கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது. ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதற்குக் காரணம் சொன்னதாக ஆகிவிடாது. காந்தம் என்று சொன்னவராவது ஒரு காரணத்தைத் தேடிப் பார்த்தார். தவறான இடத்தில் தேடினார், அவ்வளவுதான்.

குழப்பத்துக்குச் சொல்லும் ஒரு காரணம். காந்தம் ஆணியை ஈர்க்கிறது, பூமி மாங்காயை ஈர்க்கிறது. இரண்டுக்கும் தமிழில் ஒரே "ஈர்ப்பு"தான். கையால் தொடாமல், கயிறு கட்டாமல், தூரத்திலிருந்து இழுக்கும் பொருள் என்று ஒரு சிறுவன் கையில் எடுத்துப் பார்க்கக் கூடியது காந்தம் ஒன்றுதான். எனவே பூமியும் காந்தம்தான் என்று அவன் நினைத்தால் அதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது.

பாடப் புத்தகங்கள் பொதுவாக இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை ஓர் அட்டவணையாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அங்கேதான் கோளாறு. அந்த வேறுபாடுகளில் ஒன்று மற்றவற்றைப் போன்றதல்ல. ஈர்ப்பின் காரணம் என்ன என்ற கேள்விக்கான துப்பே அதில்தான் இருக்கிறது. அதை அட்டவணையின் ஒரு வரியாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது, புதையல் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுத் தோண்டாதே என்று சொல்வதைப் போன்றது.

பெரியவர்களும் செய்த தவறு

பூமி ஒரு பெரிய காந்தம் என்று முதலில் உறுதியாகச் சொன்னவர் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட். தொழில் மருத்துவம். 1600ஆம் ஆண்டு காந்தத்தைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். காந்தக் கல்லைப் பந்து போலக் கடைந்து, அதன் மேல் சிறு ஊசிகளை வைத்துப் பார்த்தார். மாலுமிகளின் திசைகாட்டி பூமியின் மேல் எப்படி நடந்து கொள்கிறதோ, அதே போல அந்த ஊசிகள் பந்தின் மேல் நடந்து கொண்டன. பூமி ஒரு காந்தம் என்ற அவரது முடிவு சரியானது. இன்றும் சரி.

தவறு அதற்கு அடுத்த படியில் வந்தது. கோள்கள் சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்த கெப்ளர், கில்பர்ட்டின் நூலால் கவரப்பட்டவர். 1609இல் வெளிவந்த தன் நூலில், சூரியனிலிருந்து கிளம்பும் காந்தம் போன்ற ஒரு சக்திதான் கோள்களைச் சுற்ற வைக்கிறது என்று விளக்கம் கொடுத்தார். கெப்ளருக்கே இப்படித் தோன்றியது என்றால் எட்டாம் வகுப்பு மாணவனுக்குத் தோன்றுவதில் என்ன ஆச்சரியம்?

வேடிக்கை என்னவென்றால் இதைச் சந்தேகிக்க வேண்டிய காரணம் கில்பர்ட்டுக்கும் முன்பே கிடைத்துவிட்டது. லண்டனில் திசைகாட்டி செய்து விற்றுக் கொண்டிருந்த ராபர்ட் நார்மன் என்பவர் 1581இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் இரண்டு எளிய சோதனைகள் இருக்கின்றன. எஃகுத் துண்டுகளை எடை போட்டார். பிறகு காந்தக் கல்லில் தேய்த்து அவற்றைக் காந்தமாக்கி மறுபடி எடை போட்டார். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை! அடுத்து, காந்த ஊசியைத் தக்கையில் செருகித் தண்ணீரில் மிதக்க விட்டார். ஊசி வடக்கு நோக்கித் திரும்பியது. ஆனால் வடக்கு நோக்கி நகரவில்லை.

இரண்டாவது சோதனையை யார் வேண்டுமானாலும் ஒரு கிண்ணத் தண்ணீரில் செய்து பார்க்கலாம். பூமியின் காந்தம் திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது, இழுப்பதில்லை. முள்ளின் ஒரு முனையை வடக்கே எவ்வளவு இழுக்கிறதோ, மறுமுனையைத் தெற்கே ஏறத்தாழ அவ்வளவே இழுக்கிறது. கணக்கு நேராகிவிடுகிறது. காந்தத்தையே இழுக்க முடியாத பூமியின் காந்தம் மாங்காயை எப்படி இழுக்கும்?

ஆள் பார்த்து இழுப்பதும் ஆள் பார்க்காமல் இழுப்பதும்

ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனால் முதல் வேறுபாடு தெரிந்துவிடும். இரும்புத் தோசைக்கல்லில் ஒட்டும். அலுமினியக் குண்டானில் ஒட்டாது. பித்தளைக் குத்துவிளக்கில் ஒட்டாது. எவர்சில்வர் பாத்திரங்களில் சிலவற்றில் ஒட்டும், பலவற்றில் ஒட்டாது. மரக் கரண்டி, மண் சட்டி, அரிசி, உப்பு எதையும் அது சட்டை செய்யாது. காந்தம் ஆள் பார்த்து இழுக்கிறது.

இவை எல்லாவற்றையும் கைநழுவ விட்டால்? எல்லாமே கீழே விழும். பூமி யாரையும் விட்டு வைப்பதில்லை.

நியூட்டன் இதைக் கவனித்தது மட்டுமல்லாமல் சோதித்தும் பார்த்தார். ஒரே மாதிரியான இரண்டு மரப் பெட்டிகளைச் சம நீளமுள்ள நூல்களில் ஊசல்களாகத் தொங்க விட்டார். ஒன்றில் மரம். இன்னொன்றில் அதே எடையுள்ள தங்கம். பிறகு தங்கத்தை எடுத்துவிட்டு வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, தண்ணீர், கோதுமை என்று ஒவ்வொன்றாக வைத்தார். எதை வைத்தாலும் இரண்டு ஊசல்களும் வெகு நேரம் சேர்ந்தே ஆடின. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்பது அவருடைய கணிப்பு. 1687இல் வெளிவந்த அவரது பெரிய நூலில், பொருளில் எவ்வளவு நிறை இருக்கிறதோ அதைப் பொறுத்ததுதான் ஈர்ப்பு, காந்த விசை அப்படி நடந்து கொள்வதில்லை, எனவே இரண்டும் வேறு வேறு தன்மை கொண்டவை என்று தெளிவாகவே பதிவு செய்தார். கெப்ளரின் காந்தக் கருத்துக்கு அத்துடன் முற்றுப்புள்ளி.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

காந்தத்துக்கு இரண்டு துருவங்கள் உண்டு. எதிரெதிர்த் துருவங்கள் ஈர்க்கும், ஒத்த துருவங்கள் விலக்கும். ஈர்ப்புக்கு விலக்கத் தெரியாது. இழுக்க மட்டுமே தெரியும்.

காந்தத்தைப் பொருத்தமான இரும்புக் கூட்டுக்குள் வைத்து அதன் பாதிப்பை வெளியே பெருமளவு தடுத்துவிடலாம். ஈர்ப்பைத் தடுக்கும் திரை என்று எதுவும் கிடையாது. எத்தனை மாடிக் கட்டடத்துக்குள் போய் நின்றாலும் எடை குறையாது.

தூரம் இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும். இரண்டு சிறு காந்தங்களுக்கு இடையே உள்ள விசையோ 16இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். காந்தம் பக்கத்து வீட்டோடு நின்றுவிடும் ரகம். ஈர்ப்பு ஊர் ஊராகப் போகும் ரகம்.

வலிமையில் கதை தலைகீழ். தரையில் கிடக்கும் குண்டூசியை ஒரு சிறு காந்தம் தூக்கிவிடுகிறது. அந்தக் குண்டூசியைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பது மொத்த பூமி! 6 என்ற எண்ணுக்குப் பின் 24 பூஜ்யங்கள் போட்டால் எத்தனை கிலோவோ, அவ்வளவு நிறையுள்ள பூமி ஒரு விரல் அளவு காந்தத்திடம் தோற்றுப் போகிறது. காந்தவியலுக்கு அடிப்படையான மின் விசையை எடுத்துக் கொண்டால், இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கும் மின் விசை, அவை ஒன்றையொன்று இழுக்கும் ஈர்ப்பு விசையைப் போல 1க்குப் பின் 36 பூஜ்யங்கள் போட்ட எண்ணின் மடங்கு பெரியது.

இவ்வளவு பலவீனமான விசை எப்படிப் பிரபஞ்சத்தை ஆள்கிறது? மின்சாரத்தில் நேர், எதிர் இரண்டும் உண்டு. காந்தத்தில் வடக்கு, தெற்கு இரண்டும் உண்டு. பெரிய பொருள்களில் இவை ஒன்றையொன்று கழித்துக் கொண்டு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகின்றன. ஈர்ப்பில் கழித்தலே கிடையாது, கூட்டல் மட்டும்தான். சிறுகச் சிறுகச் சேர்த்துப் பெரும் பணக்காரரானவரைப் போல அது கடைசியில் எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது.

காந்தம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது?

பூமியின் காந்தம்தான் பொருள்களை விழ வைக்கிறது என்றால், அந்தக் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தானே விழ வேண்டும்? இதற்கு விடை தெரிந்துகொள்ள வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம். பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாகச் செல்கிறது. அதனால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று திருநெல்வேலியில் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து ஏவப்பட்டதும் இதே காரணத்தால்தான். இந்தப் பகுதியில் காந்தப் புலம் ஏறத்தாழத் தெற்கிலிருந்து வடக்காகப் படுக்கை வசமாக இருக்கிறது. ஆனால் திருநெல்வேலியில் தென்னை மரத்திலிருந்து உதிரும் தேங்காய் மதுரையை நோக்கிப் பறப்பதில்லை. நேராகக் கீழேதான் விழுகிறது.

அடுத்து நிலா. பூமிக்கு இருப்பது போல முழுக் கோளுக்குமான காந்தப் புலம் இன்று நிலாவுக்குக் கிடையாது. சில இடங்களின் பாறைகளில் பழைய காந்தத்தின் மிச்சம் மட்டும் உண்டு. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் சென்ற டேவிட் ஸ்காட் அங்கே நின்றபடி ஒரு கையிலிருந்து சுத்தியலையும் இன்னொரு கையிலிருந்து ராஜாளியின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். காற்று இல்லை, காந்தமும் இல்லை. இரண்டும் சேர்ந்தே விழுந்து சேர்ந்தே தரையைத் தொட்டன. காந்தத்துக்கும் விழுவதற்கும் சம்பந்தமில்லை என்பதையும், ஈர்ப்பு ஆள் பார்ப்பதில்லை என்பதையும் ஒரே காட்சியில் காட்டிய சோதனை அது.

வெள்ளிக் கோளிலும் உள்ளிருந்து உண்டாகும் காந்தப் புலம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு.

இன்னும் ஒன்று. பூமியின் காந்தம் நிலையானதே அல்ல. வடக்கும் தெற்கும் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. பிரான்சு நாட்டின் பெர்னார்ட் புரூன் 1906இல் எரிமலைப் பாறைகளில் இதற்கான தடயத்தைக் கண்டார். கடைசியாக முழுமையாக இடம் மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அப்படி மாறும் காலத்தில் காந்தப் புலம் வெகுவாக வலுவிழந்துவிடும். அப்போது ஆறுகள் மேல்நோக்கி ஓடினவா? விலங்குகள் வானில் மிதந்தனவா? மலைச் சரிவில் இறங்கி ஓடி உறைந்த எரிமலைக் குழம்பில்தான் அந்த மாற்றமே பதிவாகியிருக்கிறது. காந்தம் புரண்டது, குழம்பு எப்போதும் போலக் கீழ்நோக்கித்தான் ஓடியது.

காந்தத்துக்குக் காரணம் தெரியும்

காந்தத்தின் காரணம் மின்சாரம். 1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். மின்னூட்டம் ஓடினால் காந்தம் பிறக்கும். கம்பியே இல்லாத காந்தக் கட்டியில் எது ஓடுகிறது? எலெக்ட்ரான்கள். ஒவ்வொரு எலெக்ட்ரானும் தற்சுழற்சி எனப்படும் தன் இயல்பால் ஒரு மிகச் சிறிய காந்தம். பெரும்பாலான பொருள்களில் இந்தக் குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று கழித்துவிடும். இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற சிலவற்றில் மட்டும் இவை ஒரே பக்கம் திரும்பி அணிவகுத்து நிற்க முடியும். காந்தம் ஆள் பார்ப்பதன் ரகசியம் இதுதான்.

இரும்பை 770 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அணிவகுப்பு கலைந்துவிடும். பூமியின் மையத்திலோ வெப்பம் 5000 டிகிரியைத் தாண்டும். எனவே "பூமிக்குள்ளே பெரிய காந்தக் கட்டி" என்பதும் தவறு. சுமார் 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு ஓயாமல் புரண்டு ஓடிக் கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம் ஒரு டைனமோ போல மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, அதிலிருந்து பூமியின் காந்தம் பிறக்கிறது.

ஆகக் காந்தத்துக்கு மூலம் மின்னூட்டம், ஈர்ப்புக்கு மூலம் நிறை. ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியுமா என்று முயன்றவரும் உண்டு. சாதாரண ஆள் அல்ல, மைக்கேல் ஃபாரடே! காந்தத்தை அசைத்து மின்சாரம் எடுத்துக் காட்டியவர், ஈர்ப்பினால் விழும் பொருளிலிருந்தும் மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்த்தார். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உயரத்திலிருந்து பொருள்களை விழச் செய்து கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் தோன்றுகிறதா என்று தேடினார். ஒன்றும் தோன்றவில்லை. 1850இல் அந்தத் தோல்வியை மறைக்காமல் அறிவித்தார். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்குப் போகவில்லை. ஆனால் சோதனை இல்லை என்று சொன்ன பிறகு உண்டு என்று அவர் சாதிக்கவில்லை.

அப்படியானால் ஈர்ப்புக்குக் காரணம் என்ன?

நியூட்டன் ஈர்ப்பின் விதியைத் தந்தார். காரணத்தைத் தரவில்லை. கேட்டவர்களுக்கு, தெரியாததைப் பற்றிக் கற்பனைக் கதை கட்ட மாட்டேன் என்ற பொருளில், 1713இல் வெளிவந்த தன் நூலின் இரண்டாம் பதிப்பில் பதில் சொன்னார். தெரியாது என்று சொல்வது அவமானம் அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

அந்தக் கேள்வி 200 ஆண்டுகள் காத்திருந்தது. அதை மறுபடி எடுத்தவர் ஐன்ஸ்டைன். அவர் பிடித்துக் கொண்ட நூல், அட்டவணையின் அந்த ஒரு வரிதான்: ஈர்ப்பு ஆள் பார்ப்பதில்லை.

அவருடைய சிந்தனை ஏறத்தாழ இப்படிப் போகிறது. அறுந்து விழும் லிப்டுக்குள் ஒருவர் இருக்கிறார். அவரும் விழுகிறார், கையிலிருக்கும் புத்தகமும் விழுகிறது, பையில் உள்ள சில்லறையும் விழுகிறது. எல்லாம் ஒரே வேகத்தில் விழுவதால் அவர் கண்ணுக்கு எல்லாம் மிதக்கும். அவருக்குத் தன் எடையே தெரியாது. ஈர்ப்பு காணாமல் போய்விட்டது போல இருக்கும். காந்தத்தால் இப்படி ஒரு வித்தை காட்டவே முடியாது. ஒரு பெரிய காந்தம் இழுக்கும் பெட்டிக்குள் இரும்பு ஆணி ஒரு பக்கம் பாயும், மரக்கட்டை கிடந்த இடத்தில் கிடக்கும். விசை இருப்பது உடனே தெரிந்துவிடும்.

எல்லாப் பொருளும், எதனால் ஆனதாக இருந்தாலும், ஒரே பாதையில் போகின்றன என்றால் அந்தப் பாதை பொருளைச் சார்ந்ததாக எப்படி இருக்க முடியும்? அது இடத்தைச் சார்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பள்ளமான சாலையில் காரும் மாட்டு வண்டியும் ஒரே இடத்தில் இறங்கி ஏறினால், அது வண்டிகளின் குணமா, சாலையின் குணமா?

1915இல் ஐன்ஸ்டைன் முடித்துக் காட்டிய பொதுச் சார்பியல் கொள்கை சொல்வது இதுதான். நிறையும் ஆற்றலும் தம்மைச் சுற்றியுள்ள காலத்தையும் வெளியையும் வளைக்கின்றன. வளைந்த காலவெளியில் பொருள்கள் தங்களால் முடிந்த அளவு நேரான பாதையில் போகின்றன. அதைப் பார்ப்பவர்கள் ஈர்ப்பு என்கிறார்கள்.

வளைவு எப்படி இழுப்பது போலத் தோன்றும்? பூமியின் நடுக்கோட்டில் நூறு கி.மீ. இடைவெளியில் இருவர் நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இருவரும் நேர் வடக்கே நடக்கத் தொடங்குகிறார்கள். புறப்படும்போது இருவர் பாதையும் இணை. யாரும் இடது பக்கமோ வலது பக்கமோ திரும்பவில்லை. ஆனாலும் போகப் போக நெருங்கி, வட துருவத்தில் இடித்துக் கொள்வார்கள். தங்களுக்குள் ஏதோ ஈர்ப்பு இருக்கிறது என்று அவர்கள் நினைக்கலாம். உண்மையில் வளைந்திருப்பது தரை.

இந்த இடத்தில் பல புத்தகங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் ரப்பர் விரிப்பின் மேல் கனமான பந்தை வைத்துக் காட்டுகின்றன. பந்து அமிழ்கிறது, கோலிக் குண்டு அதை நோக்கி உருள்கிறது. அழகான படம்தான். ஆனால் பந்து ஏன் அமிழ்ந்தது? பூமியின் ஈர்ப்பால்! ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கூப்பிடுவது மறுபடியும் அதே சுற்று. தவிர, அந்தப் படம் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. மாங்காயை விழ வைப்பதில் பெரும்பங்கு வெளியின் வளைவுக்கு அல்ல, காலத்தின் வளைவுக்கு.

பூமிக்கு அருகே காலம் மெதுவாக ஓடுகிறது, உயரே போகப் போக வேகமாக ஓடுகிறது. இது வெறும் கற்பனை இல்லை. 1960இல் ஹார்வர்டில் பவுண்ட், ரெப்கா இருவரும் 22.5 மீட்டர் உயர வித்தியாசத்திலேயே ஈர்ப்பின் இந்த விளைவைக் காமாக் கதிர்களைக் கொண்டு அளந்தார்கள். 2010இல் அமெரிக்காவில் இரண்டு அணுக் கடிகாரங்களில் ஒன்றை வெறும் 33 செ.மீ. உயர்த்தி வைத்தபோது அது வேகமாக ஓடியது தெரிந்தது. சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் ஈர்ப்பு குறைவதால் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்துகின்றன. அவற்றின் ஓட்ட வேகத்தால் 7 மைக்ரோ விநாடி பிந்துகின்றன. மீதி 38 மைக்ரோ விநாடியைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் இடக்கணக்கு கிலோமீட்டர் கணக்கில் தவறிப் போகும். ஆட்டோக்காரரின் கைப்பேசி வழி காட்டுவதில் ஐன்ஸ்டைனுக்குப் பங்கு உண்டு.

மேலே வேகமாகவும் கீழே மெதுவாகவும் ஓடும் காலத்தில், தடுப்பார் இல்லாத ஒரு பொருளின் நேரான பாதை மெதுவான காலத்தின் பக்கமாக, அதாவது கீழ்ப்பக்கமாகச் சாய்கிறது. காம்பு பிடித்திருக்கும் வரை மாங்காய் தடுக்கப்பட்டிருந்தது. காம்பு விட்டதும் அது தன் இயல்பான பாதையில் போகிறது. அதைத்தான் விழுகிறது என்று சொல்கிறோம்.

இந்தக் கொள்கை முழுவதும் நிற்பது ஈர்ப்பு ஆள் பார்ப்பதில்லை என்ற ஒற்றைக் காலில். எனவே அந்தக் காலைத் தட்டிப் பார்ப்பதை இயற்பியலாளர்கள் விடவே இல்லை. 2016இல் பிரான்சு விண்ணுக்கு அனுப்பிய மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோளில் பிளாட்டினமும் டைட்டானியமும் விழும் விதத்தை ஒப்பிட்டார்கள். 2022இல் இறுதி முடிவு வந்தது. 1க்குப் பின் 15 பூஜ்யங்கள் போட்ட எண்ணில் சில பங்கு என்ற அளவு நுணுக்கமாகத் தேடியும் வித்தியாசம் தென்படவில்லை. நியூட்டனின் மரப்பெட்டிகள் சொன்னதையே அதுவும் சொன்னது.

தெரியாதது எது?

இத்துடன் எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். நிறை காலவெளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்குச் சமன்பாடு இருக்கிறது. ஏன் வளைக்கிறது என்பதற்கு விடை இல்லை. வளைவு அலையாகப் பரவும் என்று அந்தச் சமன்பாடு சொன்னது. 2015 செப்டம்பர் 14 அன்று, சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதியதால் எழுந்த அலையை அமெரிக்காவின் லைகோ ஆய்வகங்கள் பிடித்தன. ஆனால் மற்ற விசைகளைப் போல ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலுக்குள் கொண்டுவரும் முயற்சி இன்னும் முழுமை பெறவில்லை. ஈர்ப்பைச் சுமக்கும் துகள் என்று கருதப்படும் கிராவிட்டானை யாரும் கண்டதில்லை.

ஆக, காரணத்துக்கு ஒரு படி கீழே போயாகிவிட்டது. அதற்கும் கீழே உள்ள படி இருட்டில் இருக்கிறது. இதை ஒரு மாணவனிடம் சொல்வதில் என்ன கஷ்டம்?

இதெல்லாம் எதற்கு?

இரண்டையும் குழப்பிக் கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. காந்தப் படுக்கை, காந்தக் காப்பு, காந்தத் தண்ணீர் என்று விற்பவர்களின் முதலீடே இந்தக் குழப்பம்தான். "பூமி காந்தம், உடலில் ஓடும் ரத்தத்தில் இரும்பு, எனவே..." என்று தொடங்கினால் கேட்பவர் தலையாட்டி விடுகிறார். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்ற பழைய வழக்கத்துக்கும் இதே காந்த விளக்கம் விஞ்ஞானம் என்ற பெயரில் ஒட்டப்படுகிறது. ரத்தத்தில் உள்ள இரும்பு தோசைக்கல் இரும்பு அல்ல. ஆக்சிஜன் ஏற்ற ரத்தத்தைக் காந்தம் மிக மிக லேசாக விலக்கவே செய்கிறது. இதை லைனஸ் பாலிங்கும் அவருடன் பணியாற்றிய கோரியலும் 1936இலேயே காட்டினார்கள். எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் காந்தம் தமிழ்நாட்டில் பூமியின் காந்தத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல். அதற்குள் படுத்து எழுந்து வருபவர்களின் ரத்தமே ஒரு பக்கம் ஒதுங்குவதில்லை. படுக்கைத் திசை என்ன செய்துவிடும்?

இதைவிடப் பெரிய நஷ்டம் வகுப்பறையில் நடக்கிறது. "பூமி ஏன் ஈர்க்கிறது?" என்று கேட்கும் மாணவனுக்கு "அது அப்படித்தான்" என்று பதில் கிடைத்தால் அடுத்த முறை அவன் கேட்க மாட்டான். நியூட்டன் காரணம் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். ஃபாரடே தோல்வியை ஒப்புக்கொண்டார். ஓர் ஆசிரியர் ஒப்புக்கொண்டால் மட்டும் மரியாதை குறைந்துவிடுமா?

மாணவனிடம் சொல்ல வேண்டியது நான்கு வரிதான். காந்தம் சிலவற்றை மட்டும் இழுக்கிறது, அதற்குக் காரணம் எலெக்ட்ரான்கள். பூமி எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுக்கிறது, அதனால்தான் அது காந்தம் அல்ல. எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுப்பதால், வளைந்திருப்பது பொருள்கள் போகும் காலமும் வெளியும் என்று ஐன்ஸ்டைன் கண்டார். ஏன் வளைகிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

கடைசி வரியைத்தான் பாடத்தில் விட்டுவிடுகிறார்கள். கேட்ட பையனுக்கு அதுதான் முக்கியம். அவன் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?